மால்டியா, விட்டெக்கா, பழைய டியூப்பா?

நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்க்கும் கல்ச்சர் பிளேட்டில் காலனி, அதாவது கிருமித் திட்டு, வந்துவிட்டது. அது என்ன பாக்டீரியா என்று சொல்ல ஆய்வகங்களில் பெரும்பாலும் மூன்று வழிகள்தான்: புரதங்களின் எடையை அளக்கும் மால்டி-டாஃப் (சுருக்கமாக மால்டி), விட்டெக் 2 போன்ற தானியங்கிக் கருவி, பிறகு கிருமி செய்யும் வேதிமாற்றத்தை நிறத்தில் காட்டும், காலங்காலமாகப் பார்த்துவரும் உயிர்வேதி டியூப்கள்.

வேகத்தில் மால்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. குச்சி முனையில் துளிக் காலனியைத் தொட்டு, உலோகத் தட்டின் ஒரு வட்டத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும். அதன் மேல் லேசரை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் கரைசலை ஒரு மைக்ரோலிட்டர் விட்டு, காய்ந்ததும் கருவிக்குள் வைத்துவிடலாம். லேசர் பட்டவுடன் புரதங்கள் மின்னேற்றம் பெற்றுக் குழாய்க்குள் பறக்கும். லேசானவை முந்தும், கனமானவை பிந்தும். வரைபடத்தில் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையில் விழும் சிகரங்களில் பெரும்பாலானவை ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் உறுப்பு) புரதங்களுடையவை. அந்தக் கோலத்தைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். புரூக்கர் நிறுவனத்தின் மால்டி கருவியில் பொருத்த மதிப்பெண் 2.0 அல்லது அதற்கு மேல் என்றால் சிற்றினம் வரை நம்பலாம். 1.7-க்குக் கீழே போனால் மறுபடி தடவ வேண்டியதுதான். காலனியை அள்ளி அப்பினால் மதிப்பெண் ஏறும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள், இறங்கத்தான் செய்யும்.

விட்டெக் 2-இல் உயிர்வேதிச் சோதனைகளுக்கான 64 குழிகள் கொண்ட அட்டை. பெயர் வரப் பல மணி நேரம் ஆகும். ஆனால் கூடவே இன்னொரு அட்டையைப் போட்டால் எந்த ஆன்டிபயாட்டிக் எந்த அளவில் கேட்கும் என்பதும் வந்துவிடும். வார்டிலிருந்து போன் போடும் டாக்டர் “கிளெப்சியெல்லாவா?” என்று கிருமியின் பெயரைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை, “மெரோபெனம் கேட்குமா?” என்று ஆன்டிபயாட்டிக்கைப் பற்றிக் கேட்டுத்தான் முடிப்பார். மால்டியின் அன்றாட வேலையில் அதற்குப் பதில் இல்லை. பெயரை வைத்தே சில முடிவுகள் எடுக்கலாம் என்பதும் உண்மை: கிருமி புரோட்டியஸ் என்று தெரிந்தால் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் வீண். இருந்தாலும், ஒரு கருவிக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு விட்டெக்குக்கே. மால்டியில் ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் செலவு சொற்பம், கருவியின் விலைதான் மலை. நாள்தோறும் நிறைய கல்ச்சர் வரும் இடத்தில்தான் அது கட்டுப்படியாகும்.

சரி, டியூப்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? டைஃபாய்டு இருக்கும் ஊரில் முடியாது. மால்டி சால்மோனெல்லா என்ற பொதுப் பெயரோடு நின்றுவிடும். அதில் டைஃபாய்டு தரும் டைஃபியா, பாராடைஃபியா என்று சொல்லாது. சர்க்கரைகளும் இரும்பும் கலந்த டிஎஸ்ஐ டியூபில் டைஃபி வளர்ந்தாலோ மேற்சாய்வு சிவப்பு, அடி மஞ்சள், இரண்டும் சேருமிடத்தில் மீசை போல மெல்லிய கறுப்புக் கோடு, வாயு இல்லை. இதைப் பார்த்துவிட்டு, அந்தக் கிருமியை மட்டும் கட்டியாக்கும் ஆன்டிசீரம் போட்டால் டைஃபி உறுதியாகிவிடும். வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவை ஈ.கோலையிலிருந்து பிரிப்பதிலும் மால்டி தடுமாறும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது மெலியாய்டோசிஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று. மழைக்காலத்தில், வயலில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு வரும் காய்ச்சலில் இது ஒளிந்திருக்கலாம். அதன் கிருமியான பர்கோல்டேரியா சூடோமல்லெய் தரவுத்தளத்தில் இல்லாவிட்டால், மால்டி அதன் உறவினமான தாய்லாண்டென்சிஸ் என்று பக்கத்து வீட்டுப் பெயரைச் சொல்லிவிடும். விட்டெக் சில நேரம் இன்னொரு உறவினமான செபாசியா என்னும். ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை பாசிட்டிவ், ஆன்டிபயாட்டிக்குகளில் ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேட்கவில்லை, கோ-அமாக்ஸிகிளாவ் கேட்கிறது என்றால், திரையில் வந்த பெயரை ஒதுக்கிவிட்டு மெலியாய்டோசிஸ் என்றே சந்தேகப்பட வேண்டும். அந்த பிளேட்டை அதற்குப் பிறகு திறந்த மேசையில் கையாளக் கூடாது, பாதுகாப்பு கேபினெட்டுக்குள்தான்.