'பாலியல் தெரபி' என்று 48,000 ரூபா கட்டி ஏமாந்த கதை

வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன், அந்த வெட்கத்தை வைத்துத்தான் என்னிடம் காசு பறித்தார்கள்.

கலியாணம் கட்டி 11 வருடம். போன வருடத்திலிருந்து விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த சனம் யாராவது வரிசையில் நிற்கும் என்று பயந்து, பேஸ்புக் விளம்பரத்தை நம்பி வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். வெள்ளைக் கோட் போட்டவர் பத்து நிமிடம்கூடக் கதைக்கவில்லை. பிரஷர் பார்க்கவில்லை, சீனி வருத்தம் இருக்கா என்று கேட்கவில்லை, மனிசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாடியைப் பிடித்துவிட்டு, "சின்ன வயதுப் பழக்கம், நரம்பு தளர்ந்துபோச்சு, மூன்று மாதக் கோர்ஸ்" என்றார். (சுய இன்பத்தால் நரம்பு தளராது. சுத்தப் பொய்.) காலபோக நெல் விற்ற காசு அப்படியே போனது. பில் கேட்டதற்கு, "வீட்டில் ஆரும் கண்டால் உங்களுக்குத்தான் தம்பி வெட்கம்" என்று சிரித்தார்.

'முழுக்க மூலிகை' என்ற அந்தக் குளிசை வேலை செய்தது உண்மைதான், ஆனால் போட்ட ஒவ்வொரு முறையும் முகம் கொதிக்கும், மூக்கடைக்கும், தலையிடி தாங்க ஏலாது. கடைசியில் மனிசி விடாப்பிடியாக நின்றதால் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்கே போனோம். காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கா என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார், பிறகு இரத்தம் எடுத்தார். வெறும் வயிற்றில் சீனி 190! அது இரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்துத்தான் இந்தப் பிரச்சினையும் வருமாம். குளிசைப் போத்தலைப் பார்த்துவிட்டு, இது சில்டெனாபில் (வயாகராவில் இருக்கிற மருந்து) கலந்ததாக இருக்கலாம், நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைக்கிறவர்கள் இதைப் போட்டால் பிரஷர் விழுந்து உயிரே போகலாம் என்றார். எனக்குக் குலை நடுங்கியது. பக்கத்து வளவு அண்ணைக்கு அந்த நெஞ்சுநோவுக் குளிசை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், அவர்தான் என் போத்தலைக் கண்டு "எனக்கும் நாலு தாடா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

இப்போது சீனிக்கு மருந்து. அதோடு எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைத்து, சில கிழமைக்கு உறவே வேண்டாம், தொடுகை மட்டும் போதும் என்றார்கள். மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970 இலேயே எழுதிவைத்த முறையாம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இன்றைக்கு வருமா வராதா என்ற பதற்றமே பாதியைக் கெடுக்கிறது, உறவுக்கே தடை என்றால் பதற்றத்துக்கு என்ன வேலை? மெல்ல மெல்லச் சரிவருகிறது, காசும் கேட்கவில்லை.

போன கிழமை அந்த வவுனியா ஆள் போன் எடுத்தார், இரண்டாவது கோர்ஸ் பாதி விலையாம். மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ உங்கள் பதிவு இலக்கம் என்ன என்று கேட்டேன். லைன் கட்.