விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட்: ஒரு புதியவரின் மதிப்பீடு

லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தை என் மடிக்கணினியில் விண்டோஸ் 10-க்குப் பக்கத்திலேயே நிறுவி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதுவரை லினக்ஸைத் தொட்டதே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி என் கணினியில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அதற்காக மூலையில் போட மனம் வரவில்லை. பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், அதையும் உடனே கைவிட முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே வட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, கொண்டு இன்று எத்தனையோ இயங்குதளங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் 2006 முதல் வந்துகொண்டிருக்கும் மின்ட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் சினமன் முகப்பு. பணிப்பட்டை கீழே, மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில் என்று எல்லாம் பழகிய இடத்தில் இருப்பதால் கை தடுமாறுவதில்லை. உபுண்டு 24.04 என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட இந்தப் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்றாலும், அவர்களே பரிந்துரைக்கும் 4 ஜிபி, 100 ஜிபி என்ற அளவுகளைத்தான் உண்மையான தேவையாகக் கொள்ள வேண்டும்.

மின்ட்டைப் பழகுவது கடினமாக இல்லை. இரண்டு இயங்குதளங்களும் ஒரே வட்டையும் ஒரே கடிகாரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில்தான் நான் இடறினேன். அதனால், நிறுவும் வேலையைவிட அதற்கு முன் விண்டோஸில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளுக்கே அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலமாகவே சி டிரைவைச் சுருக்கி, காலி இடத்தை உருவாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது. கணினி தொடங்கும் முறை மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

பென்டிரைவிலிருந்து மின்ட்டை நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கும் வசதி, புதியவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துணை. சற்று மெதுவாக ஓடினாலும் வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், டச்பேட் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று வட்டில் எதையும் மாற்றாமல் தெரிந்துகொள்ளலாம். என் கணினியின் வைஃபை அப்போது வேலை செய்யவில்லை. கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் கொடுத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும், வைஃபை வன்பொருளை இயக்கத் தேவையான டிரைவர் நிரலை அதுவே கண்டுபிடித்துக் காட்டியது. நிறுவும் நிரலில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தெரிவு முதலிலேயே இருந்தது. மீதி வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

சிக்கல் இரண்டாம் நாள் வந்தது. விண்டோஸை முறையாக அணைத்துவிட்டு மின்ட்டுக்குள் வந்து, ஒரு கடிதத்தை டி டிரைவில் ஒட்டப் பார்த்தால், வலது கிளிக் மெனுவில் ஒட்டும் கட்டளை மங்கிக் கிடந்தது. பழைய கோப்புகளைத் திறந்து படிக்க முடிந்தது; ஓர் எழுத்தைக்கூட மாற்றிச் சேமிக்க முடியவில்லை. வட்டு கெட்டுவிட்டதோ என்று அன்று மாலை முழுவதும் பதறினேன். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் முழுமையாக அணையாமல் தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிட்டு உறங்குகிறது. பாதி வேலையில் நிற்கும் அந்த வட்டில் எழுதினால் தகவல் சிதையும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை நீக்கிய பிறகு தொல்லை இல்லை. மின்ட் என் கோப்புகளைக் காப்பாற்றத்தான் மறுத்தது என்று தெரிந்தபோது அதன்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

கடிகாரச் சிக்கல் சிறியது. கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் வைப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் மணிக்கணக்கில் பிசகுகிறது. லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும்.

அன்றாடப் பயன்பாட்டில் மின்ட் எனக்கு முழு நிறைவு தருகிறது. அப்டேட்டுகள் நான் சொல்லும் நேரத்தில்தான் நிறுவப்படுகின்றன. டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினியின் நிலையைப் படம்பிடித்ததுபோல் சேமித்து வைப்பதால், ஏதாவது தவறினால் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம்; ஆனால் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகச் சேமிப்பதில்லை என்பதால், அவற்றுக்குத் தனி பேக்கப் அவசியம். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்புகளைச் சேர்க்க வேண்டியிருந்தது; இந்த இடத்தில் மட்டும் வழிகாட்டல் போதவில்லை. விண்டோஸில் எழுதிய ஆவணங்களை லிப்ரே ஆஃபிஸ் நன்றாகவே திறக்கிறது என்றாலும், அதே எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் இடம்பெயர்ந்து பக்க எண்ணிக்கை மாறிவிடுகிறது. ஃபோட்டோஷாப், சில இணைய விளையாட்டுகள் போன்றவற்றை நம்பியிருப்பவர்கள் விண்டோஸை நீக்கக்கூடாது.

பின்னாளில் மின்ட் வேண்டாம் என்று தோன்றினால், வட்டில் அதற்கென ஒதுக்கிய பிரிவை மட்டும் விண்டோஸிலிருந்து அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்காதீர்கள். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும் கிரப் நிரலுக்குத் தேவையான கோப்புகளும் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. அவை போய்விட்டால் வெறும் கருந்திரைதான் மிஞ்சும். முதலில் கணினியின் பயாஸ் அமைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் தானாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு அழிக்க வேண்டும்.