சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு எந்த ஆன்லைன் பயிற்சி? கிருஷ்ணகிரி மலைப்பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

அரசுப் பள்ளிகளுக்கு உதவும் எங்கள் வட்டார வள மையத்துக்குப் புதிதாக வரும் சிறப்புப் பயிற்றுநர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அக்கா, ஆன்லைன்ல எந்த கோர்ஸ் சேரலாம்?" என்பதைத்தான். தளி, கெலமங்கலம் பக்கத்தில் வேலை செய்கிற எங்களுக்கு நேரடிப் பயிற்சி என்றால் சென்னையை அடுத்த முட்டுக்காடு வரை போக வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் அடிக்கடி லீவு போட்டுப் போகவும் முடியாது. அதனால் ஆன்லைன்தான் வழி. அதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துப் படிப்பதாக இருந்தால் மூன்றாவதுக்குத்தான் கொடுப்பேன்.

முதல் வகை, திக்‌ஷா, ஸ்வயம் போன்ற அரசுத் தளங்களில் இருக்கும் பதிவு செய்த பாடங்கள். படிக்கக் கட்டணம் இல்லை. திக்‌ஷா பாடங்களை டேட்டா கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் போன பிறகு அஞ்செட்டி பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளும் என்னென்ன என்று தெரிந்துகொள்ள இது போதும். எந்தக் குழந்தைக்குக் குறைபாடு இருக்கலாம் என்று முதல்கட்டமாகப் பார்க்க உதவும் என்சிஇஆர்டியின் பிரஷஸ்த் செயலியைப் பள்ளியில் பயன்படுத்தப் போகும் வகுப்பாசிரியர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஸ்வயம் சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியிருக்கும். நல்ல பாடங்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) வெபினார்கள். இதில் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. நம் பதிவு எண்ணைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 100 புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி வருடம் வரை தள்ளிப்போடாமல், நம்மிடம் இருக்கிற குழந்தைகளுக்குப் பொருந்தும் தலைப்பாகப் பார்த்துச் சேர்ந்தால் புள்ளியும் வரும், விஷயமும் வரும். பேசுபவர்கள் பெரும்பாலும் துறையில் ஊறியவர்கள். ஆனால் கூட்டம் அதிகம். சாட்டில் போடும் கேள்வி மேலே போய்விடும். அடுத்த நாள் அந்தப் பேச்சாளரைப் பிடிக்க வழியில்லை.

மூன்றாவது, தொண்டு நிறுவனங்களும் சில சிகிச்சையாளர்களும் சின்னக் குழுவாக நடத்தும் நேரலைப் பயிற்சி. வாரம் ஒரு வகுப்பு இருக்கும். நாம் ஒரு குழந்தையோடு வேலை செய்வதைச் சின்ன வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும், அதைப் பயிற்சியாளர் எல்லோரோடும் உட்கார்ந்து பார்ப்பார். என்னைப் பொறுத்தவரை மற்ற இரண்டிலிருந்தும் இதைத் தனியாக நிறுத்துவது ஒன்றுதான். நம் வேலையை இன்னொருவர் பார்க்கிறார், அடுத்த வாரம் மறுபடியும் பார்க்கிறார்.

பள்ளிக்கு வர முடியாததால் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் இல்லம் சார்ந்த கல்வியில் இருக்கும் ஒரு பையன். மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத பெருமூளை வாதம் அவனுக்கு. எழுத உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் சறுக்கிக் கீழே வந்துவிடுவான், பென்சில் கையை விட்டுப் போய்விடும். பென்சில் பிடியைப் பற்றிப் பதிவுப் பாடங்களில் நிறையவே இருக்கிறது. நான் அனுப்பிய வீடியோவைப் பயிற்சியாளர் பாதியில் நிறுத்தி, "கையை விடுங்க, காலைப் பாருங்க" என்றார். பாதம் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. இடுப்பும் முழங்காலும் சரியாக மடங்கி, பாதம் முழுசாக ஒன்றின் மேல் பதிந்தால்தான் உடம்பு நிலையாக நிற்கும், உடம்பு நின்றால்தான் கைக்கு வேலை செய்யத் தெம்பு வரும் என்று விளக்கினார். அவன் அம்மா இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே சாக்கை மடித்துப் போட்டார். எழுத்து உடனே திருந்திவிடவில்லை. ஆனால் சறுக்குவது நின்றது, கூடுதல் நேரம் உட்கார்ந்தான். அடுத்த வார வீடியோவைப் பார்த்துவிட்டு மேசையின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார்.

விரல் பிடிப்புக்குப் பாடங்கள் வண்ணக் களிமண்ணைக் காட்டும். எங்கள் வீடுகளில் தினமும் ராகிக் களி கிண்டுகிறார்கள். குழந்தை அதைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் தொட்டுச் சாப்பிடுவதே பயிற்சி என்று குழுவில் பேசி முடிவு செய்தோம். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு இது பயமில்லாத வழியும்கூட.

இன்னொன்று மொழி. இங்கே நிறைய வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான். பள்ளியில் வாயைத் திறக்காத குழந்தைக்குப் பேச்சுத் தாமதமா, தமிழ்தான் புதுசா என்று எந்தப் பதிவுப் பாடத்திடம் கேட்பது? நேரலையில் கேட்டேன். வீட்டுப் பேச்சில் எத்தனை சொல், பள்ளிப் பேச்சில் எத்தனை சொல் என்று இரண்டையும் சேர்த்து எண்ணச் சொன்னார்கள். உண்மையான தாமதம் என்றால் அது வீட்டு மொழியிலும் தெரியும். பாட்டியோடு குழந்தை பேசுவதை உட்கார்ந்து கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

சரி, இதில் சிரமமே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டணம் எங்கள் சம்பளத்துக்கு உறுத்தும். மாலை வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு நான் சில நாள் உரிகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருப்பேன், பாதி வழியில் இணைப்பு அறுந்துவிடும். சான்றிதழுக்கு மறுவாழ்வு கவுன்சில் புள்ளி உண்டா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாத இடங்களும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், வீடியோவில் இருப்பது நம் பிள்ளை அல்ல. பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்காமல் படம் எடுக்கவே கூடாது. யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று பயிற்சி நடத்துபவர் தெளிவாகச் சொல்லவில்லை என்றால், எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் நான் சேர மாட்டேன்.

நான் சொல்வது பெருமூளை வாதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து. பிரெய்லியையும் சைகை மொழியையும் நான் ஆன்லைனில் கற்றதில்லை. தொட்டுப் படிக்கும் பிரெய்லிக்குத் திரை எவ்வளவு உதவும் என்பதை, அதில் வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர் என்றால் முதல் சில மாதம் திக்‌ஷாவில் ஓடட்டும். கையில் குழந்தைகள் வந்து, எங்கே தடுமாறுகிறோம் என்று தெரிந்த பிறகு நேரலைக் குழுவுக்குப் பணம் கட்டுங்கள். கட்டும் முன் இரண்டு கேள்வி: என் வீடியோவை யார் பார்ப்பார்கள்? பயிற்சி முடிந்த பிறகு ஒரு குழந்தையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடலாம்?