லொறியின் பிசிஎம் (BCM) போய்விட்டது என்றால்: திருத்துவதா, பாவித்ததா, புதியதா?

மச்சானின் லொறி புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவிலிருந்து அவிசாவளைக்கு வெங்காயம் ஏற்றுவது. ஒரு மழை நாளில் இடது சிக்னலைப் போட்டால் கேபின் லைட்டும் சேர்ந்து மின்னத் தொடங்கியது. இரண்டு நாளில் ஹோர்ன் நின்றது, இடது சிக்னலும் செத்தது. எஞ்சின் மட்டும் குறையில்லாமல் ஓடியது. முதலில் காட்டிய கராஜில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பிசிஎம் அவுட், மாத்தணும்" என்றார்கள். புதுசா, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பாவித்ததா, அல்லது இதையே திருத்துவதா என்று மச்சான் கேட்டபோது, இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது என்றேன். பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டதா?

பிசிஎம் (Body Control Module) என்பது லைட், வைப்பர், ஹோர்ன், கதவு லொக் போன்றவற்றை ஆட்டிவைக்கும் பெட்டி. எஞ்சினை ஆட்டிவைக்க ஈசியூ (ECU) என்ற பெட்டி தனியாக இருப்பதால் ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். ஸ்கேனரில் வந்தது யூ0140. அந்தக் கோட் சொல்வது இவ்வளவுதான்: பிசிஎம் பேசுவது மற்றப் பெட்டிகளுக்குக் கேட்கவில்லை. வாய் போய்விட்டதா, வயர் போய்விட்டதா, கரண்டே வரவில்லையா என்று அது சொல்லாது. அதைப் பார்த்த உடனே பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் நான் லொறியை விடமாட்டேன்.

அதைக் கண்டுபிடிக்க மல்டிமீற்றர் ஒன்று போதும். நம் சின்ன லொறிகளில் பல 24 வோல்ட், அதாவது 12 வோல்ட் பற்றரி இரண்டு தொடராக. எஞ்சின் ஓடும்போது 27, 28 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ரேடியோவுக்கு ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் இரண்டும் சமநிலை தவறி, எலக்ட்ரொனிக் சாமான்கள் கோளாறு காட்டலாம். அடுத்து எர்த். லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, பிசிஎம்மின் எர்த் வயருக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அப்புறம் கேன் (CAN) வயர்கள், பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும், ஒன்றோடொன்று முறுக்கிய அந்த ஜோடி. பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் பொதுவாக 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் எங்கோ உரசுகின்றன.

மச்சானின் லொறியில் எர்த் போல்ட் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. சுரண்டி இறுக்கியதும் ஹோர்ன் வந்தது, கேபின் லைட் அடங்கியது, அந்தக் கோட் திரும்ப வரவில்லை. இடது சிக்னல் மட்டும் வரவில்லை. சரி, இப்போதுதான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

இப்படி ஒரே ஒரு வேலை மட்டும் நின்றிருந்தால் என் வாக்கு திருத்துவதற்குத்தான். போர்டில் அந்த லைனுக்குக் கரண்ட் விடும் சிப் (டிரைவர் சிப்) எரிந்திருக்கும், அல்லது ஒட்டிய ஈயத்தில் வெடிப்பு விழுந்திருக்கும். முக்கியமான லாபம், பெட்டியின் ஞாபகம் அப்படியே இருக்கும். சாவி, லொறியின் அமைப்பு எதையும் மறுபடி எழுதத் தேவையில்லை; மாட்டியவுடன் ஓடும். திருத்துபவரிடம் எந்தச் சாமான் போனது என்று கேளுங்கள். பெயர் சொல்லி, கழற்றியதைக் காட்டினால் நம்பலாம். "வோஷ் பண்ணிச் சரியாக்கினோம்" என்பது மட்டும்தான் பதில் என்றால் வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியும் திருத்த ஏற்றதல்ல. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்ற மாதிரியான அழுக்குத் தண்ணீர் போர்டுக்குள் போனால், இன்று ஓடினாலும் சிப்பின் கால்களுக்கு அடியில் அரிப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும்.

அப்படியான பெட்டிக்குப் பாவித்ததுதான் வழி. பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பிளக் ஒன்றுபோல இருப்பது போதாது; பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும், வோல்ட்டேஜும் பொருந்த வேண்டும். 12 வோல்ட் பெட்டி 24இல் புகைந்துவிடும். எலக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்பதே பெரும்பாலும் கடைக்காரரின் பதில், அதனால் வாங்கும்முன் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் இன்னொரு லொறியின் ஞாபகம் இருக்கும். சாவியை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசர் அதற்குள் இருந்தால் உங்கள் சாவியை அது அடையாளம் காணாது. ஸ்கேனரால் மறுபடி கோடிங் செய்யலாம். அது முடியாவிட்டால், பழைய போர்டில் உள்ள எட்டுக்கால் மெமரி சிப்பைப் படித்து, வாங்கிய பெட்டியில் எழுதலாம். பெட்டி செத்திருந்தாலும் அந்தச் சிப் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. எனவே "பழசைத் தந்தால் விலை குறைக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், வாங்கியது ஓடும்வரை கொடுக்காதீர்கள்.

புத்தம் புதியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உத்தரவாதக் காலத்தில் உள்ள லொறிக்கு அதுதான்; வெளியே யாரும் மூடியைக்கூடத் திறக்க விடாதீர்கள். வெறும் பெட்டியாக வருவதால் ஏஜெண்டின் கருவி அமைப்புகளை ஏற்ற வேண்டும், நடுவில் பற்றரி இறங்கினால் புதிய பெட்டியே பாழாகலாம். எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் நின்றிருந்ததில் பழைய லொறிகளையே இழுத்துப்பிடித்து ஓட்டிய நமக்கு, பதினைந்து வயது வண்டிக்குப் புதுப் பெட்டி வாங்குவது கணக்குக்குச் சரிவராது.

எதைப் போட்டாலும் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் பெட்டியில் கை வைக்க வேண்டும், பிளக்குகளைக் கழற்றுமுன் படம் எடுக்க வேண்டும். முன் கண்ணாடி ரப்பரால் தண்ணீர் இறங்குகிறதா என்றும் பாருங்கள். மச்சானுக்கு அந்த வழியாகத்தான் ஈரம் வந்திருந்தது. அது எர்த்தின் கதை. சிப் எரிந்ததற்குக் காரணம் வேறு: பின்னால் கட்டிய எல்இடி மாலைக்கு இடது சிக்னல் வயரிலிருந்தே கரண்ட் இழுத்திருந்தார்கள். போர்டைத் திருத்தி மாட்டியாயிற்று. மாலையைக் கழற்ற மட்டும் அவன் சம்மதிக்கவில்லை. தனி ரிலேயும் பியூஸும் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.