நாலு பேர், ஒரு பெட்டி, ஆனி மாத மழை: 'குளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் தி லயன்'

தக்கலைப் பக்கம் ஆனி மழை பிடித்துவிட்டால் சாயங்காலம் எங்கேயும் போக முடியாது. இந்த வருஷம் அந்தச் சாயங்காலங்களில் நானும் மனைவியும் தம்பியும் பிளஸ் டூ படிக்கிற அக்கா மகனும் இந்த போர்டு கேமைத்தான் ஆடினோம், எல்லாரும் ஒரே அணியாகச் சேர்ந்து அரக்கர்களோடு மோதுகிற ஆட்டம். 11 சினாரியோ (கதையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சினாரியோ) முடித்திருக்கிறோம், இரண்டில் தோற்று மறுபடியும் ஆடினோம், இன்னும் சலிக்கவில்லை.

ஐசக் சில்ட்ரெஸ் உருவாக்கிய ஆட்டம். 2017-ல் வந்த பெரிய குளூம்ஹேவன் கிட்டத்தட்ட 10 கிலோ, 95 சினாரியோ. அதைப் பார்த்து மலைத்தவர்களுக்காக 2020-ல் வந்தது இந்தச் சின்னப் பெட்டி. இதில் 25 சினாரியோ, முதல் ஐந்தும் ஆடவைத்தே சொல்லிக்கொடுக்கும். சண்டை நடக்கிற நிலவறையை அட்டைத் துண்டுகளை அடுக்கிக் கட்டுகிற வேலையும் இல்லை, ஸ்பைரல் புத்தகத்தை விரித்து வைத்தால் அந்தப் பக்கமே நிலவறை.

பகடை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருப்பதில் இரண்டு சீட்டு எடுத்து, ஒன்றின் மேல்பாதியையும் இன்னொன்றின் கீழ்பாதியையும் செய்ய வேண்டும். அடிக்கும்போது தனிக்கட்டிலிருந்து ஒரு சீட்டு உருவணும், அடி இரட்டிக்கலாம், வீணாகவும் போகலாம். ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஒரு சீட்டு போய்விடும், கை காலியானால் நாம் வெளியே.

எனக்கு இந்த ஆட்டம் இவ்வளவு பிடித்ததற்குக் காரணம் வேறு. சேர்ந்து ஆடுகிற ஆட்டங்களில் விஷயம் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் கட்டளை போடுவார், மற்றவர்கள் காயை மட்டும் நகர்த்துவார்கள். இதில் அது நடக்காது. யார் முன்னால் போகிறார் என்பதைச் சீட்டில் உள்ள எண் தீர்மானிக்கும், அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது விதி. "நான் முந்திப் போயிருவேன் மாமா" என்று சொல்லலாம், அவ்வளவுதான். அக்கா மகன் ஆடுவது ஹேட்செட் என்ற கோடாலி எறிகிற பாத்திரம். அவனுடைய பிரியமான கோடாலி ஒரு தனி வில்லை, எறிந்தால் அடி கூடும், ஆனால் போய் எடுத்தால்தான் மறுபடி எறியலாம். ஒருநாள் அதை எடுக்க அவன் தனியாகப் புறப்பட, "மக்கா, கதவுப் பக்கம் போவாத" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை. ரெட் கார்ட் (Red Guard) என்ற காவல் வீரர் பாத்திரமாக ஆடும் என் மனைவி ஒன்றும் பேசாமல் கேடயத்தோடு அவனுக்கு முன்னால் போய் நின்று, அடி விழாமல் தடுக்கக் கையிலிருந்த ஒரு நல்ல சீட்டை இழந்தாள். அவன் கோடாலியை எடுத்து எறிந்ததில்தான் அன்று ஜெயித்தோம். அதை நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

குறை உண்டு. எல்லாம் ஆங்கிலம், ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்லணும். அரக்கர்களின் உயிர்க்கணக்கு பார்க்கவே ஒரு ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் தம்பி. அமெரிக்காவில் 50 டாலருக்கு வந்த ஆட்டம் இங்கே வந்து சேரும்போது விலை நன்றாகவே ஏறிவிடுகிறது. பெட்டியில் 14 வயது என்று போட்டிருக்கிறது, அது சரிதான், சின்னப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். வாரம் ஒருநாள் தவறாமல் கூடுகிற இரண்டு மூன்று பேர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

அப்புறம், சீட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறையும் சேர்த்தே வாங்குங்கள். நம்ம ஊர் ஈரத்தில் ஒரே மாதத்தில் வளைய ஆரம்பித்தன. ஏத்தங்காய் சிப்ஸ் தின்ற கையோடு யாரையும் தொட விடாதீர்கள், எங்கள் ரெட் கார்ட் சீட்டு ஒன்றில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.