பைக் டாக்சியா, ஆட்டோவா?

கொழிஞ்சாம்பாறையில் ஏறி, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகும் எங்களுக்கு உக்கடத்தில் இறங்கியதும் தினமும் இதே கேள்விதான்.

காசும் நேரமும் பார்த்தால் பைக். தனி ஆளுக்குக் கட்டணம் குறைவு, நெரிசலிலும் சந்து பார்த்து நுழைந்துவிடும், பேரம் பேசவும் வேண்டாம்.

அப்படியும் ஏறத் தயங்குகிறோம். முன்பின் தெரியாத ஆணின் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் அவர்மேல்தான் சாய்வோம். நான் கைப்பையை நடுவில் வைத்துக்கொள்வேன். சேலை கட்டிய நாளில் ஏறவே மாட்டேன். ஊரார் போட்டுக் கழற்றிய ஹெல்மெட் இன்னொரு தொல்லை. வேண்டாமென்றும் சொல்ல முடியாது, பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. அப்புறம், இறங்கிய பிறகு நம் எண்ணுக்கு ‘ஹாய்’ வந்தால்? எனக்கு ஒருமுறை வந்தது. அன்றிலிருந்து ஆபீஸ் வாசல் வரை போவதில்லை, தெருமுனையிலேயே இறங்கிவிடுவேன்.

ஆட்டோவில் இடைவெளி உண்டு, மழைக்குக் கூரை உண்டு. ஸ்டாண்டு ஆட்டோ என்றால் முகமும் பழக்கம். ஆனால் இருட்டிய பிறகு கைகாட்டி நிறுத்திய ஆட்டோவைவிட, வண்டி எண்ணையும் போகும் வழியையும் வீட்டுக்கு அனுப்ப முடிகிற பைக்கையே நம்புவேன். அம்மா ஒத்துக்கொள்வதில்லை.

ஓட்டுபவர் பெண் என்றால் சரி, யோசிக்காமல் பைக்தான், சேலை நாள் தவிர.