ஃபாஸ்டிங் இன்சுலின் டெஸ்ட்: எங்கள் தெருமுனை லேப் எப்படி?

மதுரை அண்ணா நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன லேப் இது. அம்மாவுக்கு டைப் 2 சர்க்கரை, மாத்திரை மட்டும்தான், ஊசி கிடையாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை குறையவே மாட்டேன் என்றதால், இன்சுலின் சுரக்காமல் போகிறதா, சுரந்தும் உடம்பு அதை ஏற்கவில்லையா என்று பார்க்க ஃபாஸ்டிங் இன்சுலினும் லிவர் என்சைமும் எடுத்து வரச் சொன்னார் டாக்டர்.

முதலில் வேறு ஒரு இடத்தில் எடுத்தோம், பெயர் வேண்டாம். இன்சுலின் 6, எஸ்ஜிஓடி என்கிற லிவர் என்சைம் எக்கச்சக்கம். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்டு சாம்பிள்', அதாவது சிவப்பணு உடைந்துபோன ரத்தம், என்று போட்டிருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்ததுமே இதை வைத்து மருந்து எழுத முடியாது என்றார். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கிற எஸ்ஜிஓடி, எல்டிஹெச் மாதிரி என்சைம்கள் எல்லாம் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்) கலந்து கூடுதலாகக் காட்டும், அதோடு இன்சுலினைச் சிதைக்கிற என்சைம் ஒன்றும் அதே சிவப்பணுவிலிருந்து வெளியே வந்து டியூபில் இருக்கிற இன்சுலினைக் குறைத்துவிடும். ஒன்று பொய்யாக ஏறும், இன்னொன்று பொய்யாக இறங்கும். இப்படிப்பட்ட சாம்பிளை ஓட்டிக் காசும் வாங்குவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

தெருமுனை லேபில் ரத்தம் எடுக்கிற அக்கா, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டது மூன்று கேள்வி: ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, இன்சுலின் ஊசி போடுறீங்களா, முடிக்கு பயோட்டின் மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா? ஊசி போடுபவர்களுக்கு வெளியிலிருந்து போன இன்சுலினும் கணக்கில் வந்துவிடும் என்பதால், உடம்பு தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளியாகிற சி-பெப்டைடுதான் பார்க்கணுமாம். பயோட்டின் சில மெஷின்களில் அளவையே மாற்றிக் காட்டுமாம். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப், மூன்று மாதச் சராசரிக்கு ஊதா, மற்றதற்கு மஞ்சள். மஞ்சள் டியூபில் ரத்தம் உறையும்வரை பொறுத்து, அங்கேயே மெஷினில் சுற்றி, சீரம் பிரிந்ததும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சிவப்பணு உடைந்து ரோஸ் நிறமாக வந்திருந்தால் காசு வாங்காமல் மறுபடி எடுப்போம் என்றார்.

இன்சுலின் 18, சர்க்கரை 138. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 6.1 வருகிறது. ஹோமா ஐஆர் என்கிற இந்தக் கணக்கு 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது, பொதுவாக 2.5-ஐத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சுரந்தும் உடம்பு அதை ஏற்காத நிலை, என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய 6-ஐ நம்பியிருந்தால் சுமார் 2 தான் வந்திருக்கும், வைத்தியமே வேறு பக்கம் போயிருக்கும். எஸ்ஜிஓடி நார்மல், எஸ்ஜிபிடி என்கிற இன்னொரு லிவர் என்சைம் மட்டும் 62, அது அதிகம். அதனால் ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார் டாக்டர்.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட்டில் ஹோமா கணக்கைப் போடுவதில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். சி-பெப்டைடு இங்கே கிடையாது, வெளியே அனுப்புகிறார்கள், அதற்குத் தாமதமாகும். உட்கார நாற்காலியும் குறைவு, வயசானவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது, அதை அவசியம் சரி செய்யணும்.

பேக்கேஜ் 1,450 ரூபாய், ரிப்போர்ட் அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது.